உளவாளி விளையாட்டுச் சாமான்: வாங்குவதா, வீட்டிலேயே செய்வதா?

கேள்வி, மே 2

"பையனுக்கு எட்டு வயது. லீவு விட்டதிலிருந்து உளவாளி ஆட்டம்தான். ஆன்லைனில் ‘ஸ்பை கிட்’ ஒன்றைக் காட்டி உயிரை வாங்குகிறான். வீட்டிலேயே செய்ய முடியுமா? எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. எலுமிச்சம்பழச் சாற்றில் எழுதிப் பார்த்தோம், பல்பில் எவ்வளவு நேரம் காட்டினாலும் எழுத்து வரவில்லை."

மே 2, இரவு

கிட் வாங்காதீர்கள். எங்கள் வீட்டுக்கு ஒன்று பிறந்தநாள் பரிசாக வந்தது. இருட்டில் பார்க்கும் கண்ணாடி என்று அட்டையில் போட்டிருந்தான், பிரித்தால் சிவப்பு பிளாஸ்டிக் லென்ஸும் ஓரத்தில் ஒரு குட்டி டார்ச்சும். பேட்டரி தீர்ந்ததும் பரணுக்குப் போய்விட்டது. அது வந்த அட்டைப்பெட்டியை வெட்டி நாங்கள் செய்த பெரிஸ்கோப் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

எலுமிச்சைக்கு வருகிறேன். உங்கள் சாறில் குறை இல்லை, பல்பில்தான். ‘பல்புக்குப் பக்கத்தில் காட்டு’ என்று எழுதி வைத்தவர்கள் எல்லாரும் குண்டு பல்பு காலத்து ஆட்கள். அது பாதி அடுப்பு. இப்போது எல்லார் வீட்டிலும் எல்இடி, அதன் முகத்தில் காகிதம் சூடே ஆகாது. சாறு பட்ட இடம் மற்ற இடத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே கருகிப் பழுப்பாகும், அவ்வளவுதான் சங்கதி. ஆக நல்ல சூடு வேண்டும். இஸ்திரிப் பெட்டியைப் பருத்தித் துணிக்கு வைக்கும் சூட்டில் வைத்து, நீராவி இல்லாமல், மேலே ஒரு பழைய காகிதத்தைப் போட்டுத் தேயுங்கள். பெட்டியை நீங்கள் பிடியுங்கள், காகிதத்தைத் தூக்கிப் பார்க்கும் வேலை அவனுக்கு. மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம்.

மே 3

காலையில் ஒருவர் கேட்டிருக்கிறார், தோசைக்கல்லில் வைக்கலாமா என்று. வைக்கலாம், சிறு தீயில், எண்ணெய் இல்லாத கல்லில், இடுக்கியால் பிடித்து. ஆனால் அடுப்படியில் இந்த ஆட்டத்தை ஆரம்பித்தால் அப்புறம் அங்கிருந்து கிளப்ப முடியாது.

இன்னொன்று. சாறு காய்ந்த பிறகும் காகிதத்தைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்தால் எழுதிய இடம் லேசாகச் சுருங்கி நெளிந்து தெரியும். என் மகள் (ஒன்பது வயது) முதலில் கண்டுபிடித்தது இதைத்தான். அதனால் சாற்றில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கிறோம், ஈர்க்குச்சி நுனியில் துளி பஞ்சு சுற்றி எழுதுகிறோம். பேனா முள்ளால் எழுதினால் காகிதம் கீறிக் காட்டிக்கொடுத்துவிடும். வெறும் வெள்ளைத் தாளை ஒருவன் மடித்து எடுத்துப் போனாலே சந்தேகம் வரும் என்பதால், மேலே பால்பாயிண்டில் ‘அன்புள்ள பாட்டிக்கு, நலம், நலமறிய ஆவல்’ என்று இடைவெளி விட்டு ஒரு கடிதம், இடையிலே சாறு.

முதல் உலகப்போரில் லண்டனில் பிடிபட்ட ஜெர்மன் உளவாளி கார்ல் முல்லர் செய்ததும் இதுதான். கோட்டுப் பையில் எலுமிச்சம்பழம் இருந்தது. எதற்கு என்று கேட்டதற்குப் பல் துலக்க என்றாராம். 1915 ஜூனில் லண்டன் டவரில் சுட்டுவிட்டார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன், பல் துலக்கினதாகச் சொன்ன வரைக்கும்தான். அண்ணன் மகன் (ஏழு) அன்றிலிருந்து எது கேட்டாலும் ‘பல் துலக்க’ என்கிறான். கையில் கத்தரிக்கோல் எதுக்குடா? பல் துலக்க.

மே 5

எலுமிச்சையைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேன், உண்மையில் எங்கள் வீட்டில் இப்போது ஓடுவது மஞ்சள். சூடே வேண்டாம் என்பதால் நான் எழுந்து போகத் தேவையில்லை, அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைப் பார்க்காத பிள்ளை நம் ஊரில் கிடையாது. அதே வித்தைதான். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து எழுதிக் காயவிடவும். மஞ்சள்தூளைச் சானிடைசரில் குழைத்துப் பஞ்சால் மேலே தடவவும். தாள் மஞ்சளாகும், எழுத்து செம்பழுப்பாக எழும்பி வரும். சானிடைசர் எதற்கு என்றால், மஞ்சளின் நிறச்சத்து தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அதனாலேயே அடுப்புப் பக்கம் வைத்துச் செய்யக்கூடாது, அது பற்றிக்கொள்ளும். இன்னும் பளிச்சென்று வேண்டுமானால் துணி சோப்பை நனைத்து அதன் முனையாலேயே எழுதலாம். சுண்ணாம்புத் தெளிவு இதைவிட நன்றாகச் சிவக்கும், ஆனால் கண்ணில் பட்டால் ஆபத்து, எங்கள் வீட்டில் தடை.

இதில் ருசியே அடுத்த கட்டம்தான். படித்து முடித்ததும் அதே தாளில் எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் சிவப்பு மறைந்து மறுபடி வெறும் மஞ்சள் தாள். ‘படித்தவுடன் அழித்துவிடு’ என்ற கட்டளையை நெருப்பு இல்லாமல் நிறைவேற்ற இதைவிட வழி கிடையாது. மகள் அந்தப் பஞ்சை நனைத்து முதல் எழுத்தில் வைத்தபோது, ‘வா’ என்று எழுதியிருந்ததில் கால் மட்டும் முதலில் கரைந்து ‘வ’ என்று நின்றது, பிறகு அதுவும் போனது. பத்து தாளில் இதையே செய்து கொண்டிருந்தார்கள், உளவு பார்ப்பதை மறந்துவிட்டு.

துணியில் மஞ்சள் கறை பட்டால் என்னைத் திட்டாதீர்கள். பழைய பனியனைப் போட்டுவிடுங்கள்.

மே 5, சற்றுப் பிறகு

அயோடின் வழியைச் சொன்னவருக்கு: சோற்றுக் கஞ்சியில் எழுதி, புண்ணுக்குப் போடும் பழுப்பு மருந்தைத் தண்ணீரில் விட்டுத் தடவினால் நீலக்கறுப்பாக எழுத்து வரும், சரிதான். ஆனால் பல பிரின்டர் தாள்களுக்கு ஆலையிலேயே மாவுப் பசை கொடுத்திருப்பார்கள், தடவியதும் தாள் முழுவதும் ஊதாவாகி எழுத்து அதற்குள் முங்கிவிடும். முதலில் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நிறம் மாறாத தாளாக எடுத்துக்கொள்ளுங்கள். கள்ளநோட்டைப் பிடிக்கும் அயோடின் பேனாவும் இந்தக் குணத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. நோட்டுக் காகிதத்தில் மாவு இருக்காது.

மே 8

பெரிஸ்கோப் கேட்டவர்களுக்கு.

இரண்டு கண்ணாடி, இரண்டும் 45 டிகிரி சாய்வில், ஒன்றை ஒன்று பார்த்தபடி. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது, கோணத்தை எப்படி வைப்பது என்பது. பாகைமானி தேடாதீர்கள். பெட்டியின் அகலத்துக்கு ஒரு சதுரத் தாள் வெட்டி மூலைக்கு மூலை மடியுங்கள், அந்த மடிப்புதான் 45. அதைப் பெட்டிப் பக்கத்தில் வைத்துக் கோடு போட்டு, கோட்டிலேயே கீறல் போட்டு, கண்ணாடியை அதில் செருகிவிடலாம். பசைகூட அப்புறம்தான். கண்ணாடிக் கடையில் வெட்டு மிச்சத் துண்டுகள் கிடக்கும், அளவு சொன்னால் நறுக்கித் தருவார்கள். விளிம்பைத் தேய்த்துக் கொடுங்கள் என்று மறக்காமல் கேளுங்கள், அதன்பிறகும் ஓரத்தில் செலோடேப் ஒட்டுங்கள். பையன் கீழே போடும் ரகம் என்றால் பின்பக்கம் முழுவதும் டேப் ஒட்டிவிட்டால் உடைந்தாலும் சிதறாது.

பெட்டி எது? ஊதுபத்திப் பெட்டி ஒல்லி, படம் அரைகுறையாகத் தெரியும். அண்ணன் மகன் டியூப்லைட் வந்த நீள அட்டையில்தான் செய்வேன் என்று நின்றான், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலே அடுத்த தெரு வரை தெரியுமாம். செய்து கொடுத்தேன். நீளம் கூடக் கூட, தெரியும் வட்டம் சுருங்கிக்கொண்டே போய்க் கடைசியில் சாவித்துவாரம் அளவுக்கு வந்துவிடும். நீர்மூழ்கிக் கப்பலில் அவ்வளவு நீளக் குழாயிலும் அகலமாகத் தெரிவதற்கு உள்ளே வரிசையாக லென்ஸ் வைத்திருப்பார்கள். நமக்கு ஒரு முழத்துக்குள் இருந்தால் போதும், ஷூப் பெட்டி அட்டையை வெட்டி மடித்தது. ஆனால் அவன் அந்த டியூப்லைட் குழாயை விடவில்லை. ஒரு காக்கா மட்டும் தெரிகிறது அதில், அதையே கண்காணித்து நோட்டில் குறிக்கிறான்: ‘4.10 கா. வந்தது. 4.12 கா. போனது.’

கண்ணாடியே வேண்டாம் என்பவர்களுக்கு, ஒட்டும் பிளாஸ்டிக் கண்ணாடித் தாள் கிடைக்கிறது. அட்டையில் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கல்யாண மண்டபத்துச் சிரிப்புக் கண்ணாடி மாதிரி முகம் கோணும். இதையே நகம் அளவுக்கு வெட்டிக் கூலிங்கிளாஸின் உள்பக்க ஓரத்தில் ஒட்டினால் பின்னால் வருபவர் தெரிவார். கேட்க அருமையாக இருக்கும். போட்டுக்கொண்டு நடந்தால் எதிரே இருக்கும் தூண் தெரியாது. உட்கார்ந்து பார்க்கும் சாமான் அது.

மே 8, இரவு

"எலக்ட்ரானிக்ஸ் இல்லாமல் என்ன உளவு" என்று கேட்டவருக்குக் கொஞ்சம் காரமாகவே பதில். பேட்டரி போட்ட சாமானில் பிள்ளைக்கு இருக்கும் வேலை ஒரு பட்டனை அழுத்துவது. அது ஓடாவிட்டால் அவனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, நம்மிடம் கொண்டுவந்து நீட்டுவான். அட்டையும் நூலும் பழுதானால் அவனே பிரித்துப் பார்ப்பான். நூல் தொய்ந்திருக்கிறது, கண்ணாடி சரிந்திருக்கிறது, காரணம் கண்ணுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஆட்டத்தின் முக்கால்வாசி நேரம் இந்த ரிப்பேரில்தான் போகிறது. அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை.

மே 9

மேலே எழுதியது கொஞ்சம் அதிகம்தான் என்று காலையில் தோன்றியது. ஒரு அலாரம் செய்தோம், அதில் பேட்டரி உண்டு, அதையும் அவர்களே பழுது பார்க்கிறார்கள். ஆக என் சண்டை பேட்டரியோடு இல்லை, மூடி வைத்த பெட்டியோடு.

துணி காயப்போடும் கிளிப் ஒன்று. அதன் இரண்டு தாடையிலும் சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளைச் சுற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு ஒயர் நுனியைச் செருகி டேப் போடுங்கள். தாடை இரண்டும் தொட்டால் சர்க்யூட் முடியும். 9 வோல்ட் பேட்டரி, அதே வோல்ட்டில் ஒரு பஸ்ஸர் (எலக்ட்ரானிக்ஸ் கடையில் சல்லிசு), பஸ்ஸரின் சிவப்பு ஒயர் பேட்டரியின் பிளஸ்ஸுக்கு, கறுப்பு ஒயரிலிருந்து கிளிப் வழியாக மைனஸுக்கு. காலாவதியான ஏடிஎம் கார்டைத் துண்டு போட்டுத் தாடைக்கு நடுவில் கவ்வ வையுங்கள். கார்டில் ஓட்டை போட்டு நூல். நூலை இழுத்தால் கார்டு வெளியே வரும், தாடை சேரும், பஸ்ஸர் அலறும். மறுபடி கார்டைச் செருகும்வரை நிற்காது.

நூலை நடைபாதைக்குக் குறுக்கே கட்டக்கூடாது. பாட்டி விழுவார். கதவுக் கைப்பிடிக்கும் கட்டில் காலுக்கும் நடுவே கட்டலாம், அதுவும் சுண்டினால் அறுந்துவிடும் தையல் நூலாக. 9 வோல்ட் பேட்டரியைச் சில்லறையோடு பாக்கெட்டில் போடவும் கூடாது. இரண்டு முனையும் பக்கத்திலேயே இருப்பதால் ஒரு காசு குறுக்கே விழுந்தால் சூடேறிவிடும். பட்டன் செல் எந்த வடிவத்திலும் எங்கள் வீட்டு உளவுத்துறைக்குள் வராது. சின்னது விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். லேசர் பாயிண்டரும் வேண்டாம், கண் விஷயம்.

என் அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டுக் கதவுக் கொண்டியில் பழைய கொலுசு ஒன்றை மாட்டிவிட்டார். கதவை எவ்வளவு மெதுவாகத் திறந்தாலும் சிணுங்குகிறது. பஸ்ஸரை ஏமாற்றக் கற்றுக்கொண்ட பிள்ளைகளால் கொலுசை இன்னும் ஏமாற்ற முடியவில்லை.

மே 12

தீப்பெட்டி டெலிபோன் யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன், சொல்லிவிட்டீர்கள். ராபர்ட் ஹூக் 1660களிலேயே இழுத்துக் கட்டிய கம்பியில் பேச்சைத் தூரத்துக்குக் கடத்திப் பார்த்திருக்கிறார். நமக்குத் தீப்பெட்டி. காகிதக் கப் இன்னும் நன்றாகக் கேட்கிறது. நூலுக்குப் பதில் மீன் பிடிக்கும் நரம்பு போட்டால் இன்னும் தெளிவு. முறுக்காக இழுத்திருக்க வேண்டும், எங்கேயும் உரசக்கூடாது, இந்த இரண்டு மட்டும்தான் விதி.

மூலை திரும்ப வேண்டுமென்றால்? திருப்பத்தில் ஒரு சின்ன நூல் வளையத்தைத் தொங்கவிட்டு அதற்குள் போன் நூலைக் கோத்து அனுப்புங்கள். சுவரில் படாமல் அந்தரத்தில் திரும்பும், சத்தமும் திரும்பும், கொஞ்சம் குறையும்.

இங்கேதான் விளையாட்டு சூடு பிடித்தது. ஓடும் நூலின் நடுவில் இன்னொரு நூலைக் கட்டி மறுமுனையில் ஒரு கப் வைத்தால் மூன்றாவது ஆளுக்கும் எல்லாம் கேட்கும். ஒட்டுக்கேட்பு! மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு அண்ணன் மகன் அப்படிக் கட்டினான், இரண்டு பேர் பேசுவதும் காதில் விழுந்தது. ஆனால் கட்டியதும் லைன் கொஞ்சம் தொய்ந்து மங்கிவிடும் அல்லவா, மேலே இருந்த என் மகள் அதைக் கவனித்துவிட்டாள். ‘லைனில் யாரோ இருக்காங்க’ என்று சொல்லிவிட்டு வேண்டுமென்றே பொய்ச் செய்தியாகப் பேச ஆரம்பித்தாள், மிட்டாய் டப்பா கொல்லையில் இருக்கிறது என்று. அவன் கொல்லைக்கு ஓடினான். இதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மே 12, அதே இரவு

ஒருவர், "பழைய மொபைலை மறைத்து வைத்து ரெக்கார்டு பண்ண வைக்கலாமே, சுலபம்" என்கிறார். சுலபம்தான். எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டில் அப்படி வைத்த போனில் பெரியவர்கள் பணவிஷயமாகப் போட்ட சண்டை முழுதும் பதிவாகி, அதைப் பிள்ளைகள் ஹாலில் உட்கார்ந்து போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பக்கத்து வீட்டார், இவர்கள் யாரும் ஆட்டத்துக்குப் பேர் கொடுக்கவில்லையே. எங்கள் விதி: ஆட்டத்தில் இருப்பவர்களைத்தான் உளவு பார்க்கலாம், கேமராவும் ரெக்கார்டரும் கிடையாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சுவரில் டம்ளரை வைத்துக் கேட்கலாமா என்று கேட்டவருக்கும் இதே பதில், ஆட்டத்தில் இருப்பவர் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தால் வையுங்கள்.

மே 17

கைரேகை. முறுக்கு டப்பாவைக் காலி செய்தது யார் என்று விசாரணை நடந்தது. எண்ணெய்ப் பலகாரம் தின்ற விரல் எவர்சில்வரில் விட்டுப்போகும் ரேகைக்கு ஈடு இல்லை, சாய்த்துப் பிடித்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். அதன்மேல் முகப் பவுடரைத் தூவி, மருதாணிக்கோ பெயிண்டிங்குக்கோ வைத்திருக்கும் மெத்தென்ற பிரஷ்ஷால் சுழற்றிச் சுழற்றித் தட்டினால் அதிகப்படி பறந்து கோடுகள் மட்டும் வெள்ளையாக நிற்கும். அழுத்தித் தேய்த்தால் போச்சு. அகலமான செலோடேப்பை ஒட்டி எடுத்துக் கறுப்புச் சார்ட்டில் பதிக்க வேண்டும். வெள்ளைப் பீங்கானில் என்றால் பவுடர் தெரியாது, பென்சில் முனையை உப்புக்காகிதத்தில் தேய்த்த தூள்.

எல்லாருடைய விரலையும் ஸ்டாம்ப் பேடில் ஒற்றி ஒரு நோட்டில் ரெக்கார்டு வைத்தார்கள். வளையம், சுழல், வில் என்று மூன்று ஜாதியாகப் பிரிக்கச் சொன்னேன். சுமாராக நூற்றுக்கு அறுபது அறுபத்தைந்து வளையமாகவும் முப்பது முப்பத்தைந்து சுழலாகவும் இருக்கும், வில் ஐந்துதான் தேறும். எங்கள் நோட்டில் வில் ஒன்றே ஒன்று, அம்மாவின் ஆள்காட்டி விரல். உலகத்திலேயே முதல் கைரேகைப் பிரிவு 1897ல் கல்கத்தாவில்தான் தொடங்கியது, ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கியதில் அங்கே வேலை பார்த்த அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவருக்கும் பெரிய பங்கு, பெயர் மட்டும் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போய்விட்டது. இதைச் சொன்னதும் மகள் கேட்டது: "அப்ப கேஸ் கண்டுபிடிச்சா என் பேர்தானே போடணும்?"

முறுக்கு டப்பாவில் ஆறு பேர் ரேகையும் இருந்தது. என்னுடையதும். கேஸ் மூடப்பட்டது.

மே 18

இரகசிய எழுத்து எதற்கு, எழுத்தையே மாற்றினால் போதாதா என்று கேட்டவர்தான் இந்த இழையில் உருப்படியான கேள்வி கேட்டவர்.

க பாஷை எல்லாரும் பேசியிருப்பீர்கள், ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு ‘க’. கவா கமா கடி கக்கு. காதுக்குத்தான் அது, அதுவும் வேகமாகப் பேசினால்தான். எழுதினால் சிரிப்பார்கள்.

எழுதுவதற்குச் சக்கரம் செய்தோம். இரண்டு வட்ட அட்டை, ஒன்று பெரியது ஒன்று சின்னது, நடுவில் நோட்டுக் கோக்கும் பித்தளைப் பின். இரண்டு விளிம்பிலும் க ங ச ஞ என்று பதினெட்டு மெய் வரிசை. உள்வட்டத்தை ஒரு கட்டம் நகர்த்தினால் க என்பது ங, ம என்பது ய, ட என்பது ண. காலும் கொம்பும் புள்ளியும் அப்படியே இருக்கும், மெய் மட்டும் மாறும். ‘மாடி வா’ என்பது ‘யாணி ழா’ ஆகிறது. ‘பால்’ என்பது ‘மாவ்’, இதற்காகவே அரைநாள் சிரித்தார்கள்.

ஆனால் இதைத் தமிழ் தெரிந்தவர் சுலபமாக உடைத்துவிடுவார். நம் சொல் எதுவும் ழ, ண, ள, ற, ன இவற்றில் தொடங்காது. புள்ளி வைத்த க், ச், ட், த், ப், ற் இவற்றில் முடியாது. அடுத்தடுத்து அதே மெய் இரட்டித்து வரும் இடம் இன்னொரு தடயம். நிறையச் சொற்கள் ‘ய்’ என்று முடிகிறதே என்று பார்த்தால் அது ‘ம்’ ஆக இருக்கும், அங்கிருந்து மொத்தமும் அவிழ்ந்துவிடும். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு மாமா காபி ஆறுவதற்குள் உடைத்துவிட்டார், சக்கரத்தைப் பார்க்காமலே.

அவரே இன்னொன்று சொல்லிக்கொடுத்தார், அதுதான் இப்போது நடப்பில். பிள்ளைகள் அறைச் சுவரில் உயிர்மெய் அட்டவணை ஒட்டியிருக்கிறதா? அதுதான் சங்கேதப் புத்தகம். எத்தனையாவது மெய், எத்தனையாவது உயிர். க என்றால் 1-1. மா என்றால் 10-2, டி என்றால் 5-3, வா என்றால் 14-2. புள்ளி எழுத்துக்கு இரண்டாவது எண் பூஜ்யம், தனி உயிருக்கு முதல் எண் பூஜ்யம், ஆக அம்மா என்பது 0-1, 10-0, 10-2. கணக்கு நோட்டில் எழுதிவைத்தால் பெருக்கல் வாய்ப்பாடு என்று நினைத்துக் கடந்துபோவார்கள். டார்ச் அடித்தும் சொல்லலாம், தட்டியும் சொல்லலாம், ஆனால் ‘ன்’ வந்தால் பதினெட்டு தட்டு தட்ட வேண்டும், கை வலிக்கும். அதனால் ‘நான் வரேன்’ என்பதற்கு ‘நா வரே’ என்று அனுப்புகிறார்கள்.

மே 26

சாமான் எல்லாம் சேர்ந்துவிட்டது, ஆட்டம் எப்படி நடத்துவது என்று முதலில் கேட்டவரே இப்போது கேட்கிறார். பையன் பெரிஸ்கோப்பை எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறானாம். அவனுக்கு எதிரி இல்லை சார், அதுதான். மறைக்க ஒன்று வேண்டும், அதைத் தேடும் ஆள் ஒருவர் வேண்டும். நீங்களே எதிரியாக இருங்கள், அல்லது எதிர்வீட்டுப் பிள்ளையைச் சேருங்கள்.

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, அதிலிருந்து ஆட்டவிதி எடுத்தோம். ஒற்றர் ஒருவரை ஒருவர் அறியாதபடி வைக்க வேண்டும், மூன்று பேர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் நம்ப வேண்டும் என்கிறது. ஆக ராஜா ஒருவர் (என் அம்மா, ஊஞ்சலில்), ஒற்றர் மூன்று பேர், யார் யார் என்று ராஜாவுக்கு மட்டும் தெரியும். மிட்டாய் டப்பாவை எதிரி ஒளித்து வைப்பார். மூன்று ஒற்றரும் தனித்தனியாக மஞ்சள் எழுத்தில் இடத்தை எழுதி ஊஞ்சலடியில் போட வேண்டும். மூன்றும் ஒத்தால் படையெடுப்பு. எதிரி ஒருவரை மட்டும் மிட்டாய் கொடுத்து வளைத்துவிட்டால் மூன்றும் ஒத்துவராது, ராஜா உட்கார்ந்தே இருப்பார். அம்மாவுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. மூன்று சீட்டையும் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு ‘ம்ஹூம், ஒருத்தன் விலைபோயிட்டான்’ என்று அறிவிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

வாசலில் கோலமாவை மெல்லியதாகச் சலித்துவிட்டு யார் வந்து போனார் என்று காலடி பார்ப்பதும் சேர்ந்திருக்கிறது. அரிசிமாவு வேண்டாம், கல்மாவு போடுங்கள். அரிசிமாவு போட்ட அன்று எறும்புப்படைதான் வந்தது.

ஜூன் 4

இரண்டு பதில் பாக்கி.

சிவப்புக் கண்ணாடித்தாள் வித்தை கேட்டவருக்கு: வெளிர் நீலப் பென்சிலில் எழுதி, அதன்மேல் சிவப்பு, ஆரஞ்சு, ரோஸ் ஸ்கெட்ச் பேனாவால் கிறுக்கி மூடவும். சிவப்புத் தாள் வழியாகப் பார்த்தால் கிறுக்கல் பின்னணியோடு கலந்துவிடும், நீலம் மட்டும் கறுப்பாக நிற்கும். பரிசுப்பொருள் சுற்றும் தாள் கடையில் கிடைக்கும், ஒரு மடிப்பில் சரியாகத் தெரியாவிட்டால் இரண்டாக மடியுங்கள். பரணில் போட்ட கிட்டின் சிவப்பு லென்ஸை இதற்காகக் கழற்றி எடுத்தோம், நன்றாக வேலை செய்கிறது.

மூன்று கப் போனில் மூன்றாமவருக்குக் கேட்கவில்லை என்றவருக்கு: முடிச்சு நடுவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, எங்கே கட்டினாலும் கேட்கும். மூன்று நூலும் ஒரே நேரத்தில் முறுக்காக இருக்க வேண்டும். ஒருவர் விட்டால் மூவருக்கும் போச்சு. மூன்று பேரும் ஒய் எழுத்து மாதிரி நின்று இழுத்துப் பாருங்கள். அப்படியும் கேட்காவிட்டால் கப்பின் ஓட்டை பெரிதாகியிருக்கும், உள்பக்கம் முடிச்சுக்குக் கீழே ஒரு சட்டைப் பட்டனைக் கோத்துவிடுங்கள்.